அடுவாளின் உயிர்வாழ் சான்று

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாது என்றால், முடியாது என்பதையாவது காரணத்தோடு எழுதித் தர வேண்டும். இது விதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு நாற்காலியில் இந்த விதியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பதாம் நாள் மாலை "கூடுதல் விவரம் தேவை" என்று ஒரு வரி எழுதி, முப்பதை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைக்கும் வித்தையும் எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு அப்படிச் செய்தேன் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

பாவாயி என்ற பெண்ணின் மனு ஒப்புகையும் இல்லாமல் பதிலும் இல்லாமல் ஐந்து மாதம் கிடந்தது. அதைத் தொலைபேசியில் சொன்னவர் கோயம்புத்தூர் தாஜுதீன் பாய். கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பழைய நில வழக்கில் அவர் எடுத்த படியை நான் தவறான கோப்பில் வைத்துத் தொலைத்ததிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

"ஏனுங்க சார், உங்க சர்வீஸ்ல எத்தன பேரை அலைய உட்டிருப்பீங்க? ஒருத்தருக்காக நீங்க அலைஞ்சா கொறஞ்சா போயிருவீங்க? பொறப்பட்டு வாங்க."

கும்பகோணத்துக்காரனுக்குக் கோயம்புத்தூர் வெளிநாடுதான். புறப்பட்டேன்.

முதல் நாள். கோட்டைமேட்டில் பாயின் வீடு. எங்கள் ஊரில் விருந்தாளியை "சாப்பிட்டீர்களா" என்று கேட்டு, அவர் "ஆயிற்று" என்று பொய் சொல்ல ஓர் இடைவெளி விடுவோம். இங்கே அந்த இடைவெளி கிடையாது. பாயின் மனைவி, "சோறாக்கி வெச்சாச்சுங்க, கை களுவிட்டு உக்காருங்க" என்றார். தேங்காய்ப்பால் சோறு, தால்ச்சா. இரண்டாம் முறை போட்டுக்கொண்ட பிறகுதான் பாய் காகிதங்களை எடுத்தார்.

விவகாரம் இதுதான். தாராபுரத்துக்கு அப்பால், அமராவதிக் கரையில், ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்கே ஓர் அம்மன் கோயில். கதவு ஆண்டுக்கு ஒரு நாள்தான் திறக்கும். ஆனால் கோயிலுக்கு எதிரே இருக்கும் மடப்பள்ளியில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அடுப்பு எரியும். எரிப்பவர் பாவாயி. அவருக்கு முன் அவருடைய மாமியார், அதற்கு முன் அவருடைய மாமியார். ஒட்டினாற்போல இரண்டு அறை வீடு, அதுதான் அவர்களுக்கு. மடப்பள்ளிச் சுவரில் ஒரு கல். நாள்தோறும் சோறு அடுவாளுக்கும் அவள் வழியில் வருகிறவர்களுக்கும் இந்த மனை உரியது என்பது அதில் இருக்கும் செய்தி. இருபது ஆண்டுக்கு முன் அதைப் படியெடுத்தவர் பாய்தான்.

கோயில் ஏதோ ஓர் அலுவலகத்தின் கீழ் வந்தது. அலுவலகம் கல்லைப் படித்தது. பாவாயிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதன் நகலை நான் மூன்று முறை படித்தேன்.

"கல்லில் குறிப்பிடப்படும் அடுவாள் என்பவருக்குத் தாங்கள் என்ன உறவு என்பது தெளிவாக்கப்படவில்லை. மேற்படி அடுவாளின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை இணைக்கவும். தவறினால் கார்த்திகை இறுதிக்குள் மனையும் மடப்பள்ளியும் பூட்டி முத்திரையிடப்படும்."

"அது பேரு இல்லீங்க, சோறாக்கறவள்னு அர்த்தம்னு பாவாயியம்மா பேருல நாந்தான் மனு எளுதிக் குடுத்தேன். அதுக்குத்தான் பதில் இல்ல" என்றார் பாய்.

சிரித்தேன். பாயும் சிரித்தார். அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கோயலுக்குப் போறதுன்னா வெறும் வயித்தோட போகாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டாம் நாள். பல்லடம் வழியாகத் தாராபுரம் பேருந்து. பக்கத்து இருக்கைப் பெண் கைபேசியில் மகனிடம், "சோறாக்கிப் போட்டுட்டுத்தான் வந்தேன் கண்ணு, போட்டுத் தின்னுக்க" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். கொங்கில் சோறு ஆக்கப்படுகிறது. எங்கள் பக்கம் சமைக்கப்படுகிறது. இரண்டுக்கும் முன்னால் இருந்த சொல் அடுதல். பழந்தமிழில் சோறு அடுவார்கள். அடுகிற இடம் அட்டில், அட்டது அடிசில். கோயில் கல்வெட்டுகளில் அடுவாரும் விறகிடுவாரும் அடுத்தடுத்து நிற்பார்கள். சமைத்தல் என்பது அன்று சோற்றோடு நிற்காது. எதை ஆயத்தம் செய்தாலும் சமைத்தல்தான், தச்சர் தேரும் சமைப்பார். பிறகு எப்போதோ அந்தப் பெரிய சொல் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தது, அடுதல் எழுந்து வெளியே போனது. போகும்போது அடுப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. பேச்சில் செத்துப்போன ஒரு வினையின் மேல்தான் இன்றும் வீட்டுக்கு வீடு பால் பொங்குகிறது.

இதையெல்லாம் நான் பாய்க்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாய் தூங்கிக்கொண்டு வந்தார்.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசினார்கள். எனக்கு அரைகுறையாகப் புரியும். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நேற்று இரண்டு பேருக்குத்தான் உலை வைத்தேன். மூன்று தட்டு கழுவினேன்." மற்றவள், "மூன்றாவது யார்?" என்றாள். "அதைத்தான் நானும் அவரைக் கேட்டேன். அவர் என்னைக் கேட்கிறார்." இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ சன்னல் கம்பி சில்லென்றிருந்தது.

தாராபுரத்தில் டவுன் பஸ் கண்ணெதிரே போனது. அடுத்தது மாலையில்தான். தேங்காய் ஏற்றப் போகும் ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. வேன்காரர் இறங்கி எஞ்சினைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்தார்.

"மணி என்னங்க?"

"பன்னிரண்டு பத்து."

"அப்பச் சரி. சித்த நேரம் இப்படித்தானுங்க. அங்க கொரல் குடுத்து முடியட்டும், வண்டி கெளம்பிரும்."

பன்னிரண்டு இருபதுக்குச் சாவியைத் திருப்பினார். கிளம்பிற்று. பெட்ரோல் குழாயில் அடைப்பு இருந்து தானாக விலகியிருக்கும் என்று நான் விளக்கினேன். "டீசல் வண்டிங்க" என்றார்.

அன்று ஊர் போய்ச் சேர்ந்தபோது பாவாயி ஆற்றிலிருந்து வெறும் குண்டானோடு ஏறி வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கெட்டியான உடம்பு, கெட்டியான குரல். பாயைப் பார்த்ததும், "வாங்க பாய்! கல்லு இன்னும் அங்கியேதான் இருக்குதுங்க, நாந்தான் இருப்பனான்னு தெரியல" என்றார்.

கூடவே அவருடைய மருமகள் கவிதா. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. லீவு போட்டு வந்திருந்தாள். அவள்தான் குண்டான் வெறுமையாக இருந்த காரணத்தைச் சொன்னாள். சோறு வெந்ததும் அடுப்படிச் சுவரில் இருக்கும் அந்தக் கல்லில் சாம்பலால் ஒரு பொட்டு வைத்து, பூட்டிய கோயில் கதவைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து கவுளி சொல்லும். பல்லியின் அந்தச் சத்தம் வந்தால்தான் சோற்றில் கை வைக்கலாம். வராவிட்டால் சோறு முழுவதும் ஆற்றுக்கு.

"நோட்டீஸ் வந்த நாள்ல இருந்து கவுளி சொல்லலீங்க. அஞ்சு மாசமா ஆத்து மீனுதான் திங்குது. அத்தை ஒரு வேளையும் இதுல திங்கல."

"அங்கியும் பதில் இல்ல, இங்கியும் பதில் இல்ல" என்றார் பாவாயி. "எதுக்குன்னுங்க நான் காத்துக் கெடக்கறது? ஊடு போனாப் போகட்டும், மகனோட திருப்பூருக்குப் போயிருவேன். அடுப்பு அமந்துச்சுன்னா? எங்க அத்தைக்கு நான் என்ன சொல்றது?"

அந்த அத்தை இறந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பிறகு தெரிந்தது.

இரவு கவிதா வீட்டு அடுப்பில் ஆக்கிய கொள்ளுப்பருப்பும் பச்சப்புளி ரசமும் கிடைத்தன. எங்கள் ஊர் ரசம் அடுப்பில் நுரைகட்டி இறங்கும். இது தீயையே பார்க்காத ரசம். கையால் கரைத்து அப்படியே ஊற்றுகிறார்கள். குறை சொல்ல வாயெடுத்து, மூன்று முறை வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள். காலையில் பாய் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றினார். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. அடுவாள் என்ற சொல்லுக்குக் கீழே பெருவிரல் அளவுக்கு ஒரு குழி. அதுவும் வெள்ளையாக விழுந்தது. தினமும் சாம்பல் பொட்டு வைத்து வைத்துத் தேய்ந்த குழி. நான் திண்டுக்கல் பூட்டுக்காரன் போல எல்லாப் பக்கமும் யோசித்து, எட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினேன். அகராதிப் பொருள், கல்வெட்டு வழக்கு, அட்டில், அடிசில், அடுப்பு. முடித்துவிட்டு மேசைக்கு அந்தப்பக்கம் என்னையே உட்கார வைத்துப் பார்த்தேன். நான் அதைப் படிக்க மாட்டேன். எட்டுப் பக்கம் என்பதே நிராகரிக்கப் போதுமான காரணம்.

அலுவலகம் கேட்டது சான்று. அதற்குச் சான்றைத்தான் கொடுக்க வேண்டும்.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. காலையில் சொல்லிவைத்திருந்த கைநாட்டை எப்போது வாங்குவது என்று கேட்க மடப்பள்ளி வாசலுக்குப் போனேன். பாவாயி முதுகைக் காட்டி அடுப்பின் முன் நின்றிருந்தார். நிழலே இல்லாத வெயில். காக்கை இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம்கூட நின்றிருந்தது.

"பாவாயிம்மா" என்றேன்.

திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். நாலு எட்டு தூரம்தான். காது கேட்காதவர் அல்ல.

கவிதா பின்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்தப் பேரு இப்பச் செல்லாதுங்க சார். அடுப்புல நிக்கயில யாரும் யாரோட பேரையும் சொல்லிக் கூப்புடறதில்ல. அடுவான்னு சொன்னாத்தான் காது குடுப்பாங்க. அத்தை மட்டும் இல்ல, அவிங்க மாமியாரும் அப்படித்தானாம். நாளைக்கு நான் நின்னாலும் அப்படித்தான்."

"அப்படியென்றால் என்ன பொருள் என்று தெரியுமா?"

"பேருதானுங்களே" என்றாள், வியப்பாக.

எட்டுப் பக்கம் கையில் கனத்தது. சொல்லை மறந்துவிட்ட ஊர், ஆளை மறக்கவில்லை. அலுவலகத்தின் மடத்தனமான வாசிப்பு இந்த ஒரு வாசலில் மட்டும் சரியாக இருந்தது.

"அடுவா" என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். நேற்று ஆற்றங்கரையில் பேசிய பெண்ணின் முகம்தான். அந்த முகத்துக்கு என்னைத் தெரியவில்லை. கோபமோ நட்போ இல்லை. வெகு நாளாக அங்கேயே நிற்பவர் நேற்று வந்தவனைப் பார்க்கும் பார்வை. நான் ஓய்வூதியக்காரன், ஆண்டுதோறும் நான் செத்துப்போகவில்லை என்று நேரில் போய் நிரூபித்துவிட்டு வருகிறவன். அந்தப் படிவம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதன் தலைப்பை என் கை தானாகத் திருத்தி எழுதிற்று. பெயர் என்ற இடத்தில் அடுவாள். நீட்டினேன். அவர் சாம்பலில் பெருவிரலைத் தோய்த்து வைத்தார். பிறகு கல்லிலும் அதே விரலை வைத்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்து, "அட்டாச்சு" என்றார்.

நான் அந்தச் சொல்லை ஒரு மனித வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் முறை. அட்டாயிற்று, அதாவது ஆக்கியாயிற்று; உரைகளிலும் கற்களிலும் மட்டும் பார்த்திருந்த வினை. பழைய ஊரில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆள் தெருவில் எதிரே வந்தது போல இருந்தது.

காத்திருந்தோம். கவுளி சொல்லவில்லை.

குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் பாவாயி என்னிடம், "கைநாட்டு எப்ப வேணும்னு சொன்னீங்கன்னா வந்து வெச்சுப் போடறேனுங்க சார்" என்றார்.

"வைத்துவிட்டீர்களே."

"நானுங்களா?" விரலைக் காட்டினார். சுத்தமாக இருந்தது. கழுவியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். "என்ற கைநாட்டு எங்கீங்க விழுகும்? ரேசன் கடை மிசினு ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்ல. தேஞ்சு போச்சுன்னு அடிச்சுத் தள்ளும்."

படிவத்தைப் பார்த்தேன். தேய்ந்த விரலின் தடம் அல்ல அது. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது. பாய்க்குக் காட்டினேன். ஆயுள் முழுவதும் படியெடுத்தவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடித்துக் கொடுத்தார்.

"தபால்ல போட்டுருங்க சார்."

நான்காம் நாள் தாராபுரத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். உறைக்கடிதம் நான்கே வரி. அடுவாள் இறந்ததற்கு ஆதாரம் எதுவும் தங்கள் கோப்பில் இல்லை. உயிருடன் இருப்பதற்கு ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ள விதி உண்டு. தினமும் பகல் பன்னிரண்டேகாலுக்குக் குரல் கொடுப்பவரைத் தகவல் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பதில் அனுப்ப என் கும்பகோணம் முகவரியைக் கொடுத்தேன்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. நான் தெரிந்தே விட்டது. இந்தச் சான்றுக்கு உரியவர் அலுவலர் முன் நேரில் தோன்ற வேண்டும். பகல் அடுப்பை விட்டு அந்தப் பெண் ஒரு நாளும் வரமாட்டார். "நேரில் தோன்றாததால்" என்று தொடங்கும் பதில் வரும், அதை வைத்து மேல்முறையீடு போட்டு அடுத்த கார்த்திகை வரை இழுக்கலாம் என்பதே என் திட்டம். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தின் சாரம் அவ்வளவுதான்.

ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டு ரசத்தில் ஏதோ குறைந்தது போல இருந்ததை வீட்டில் சொல்லவில்லை.

கார்த்திகை நடுவைத் தாண்டிய ஒரு திங்கட்கிழமை. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே கால். கைபேசி அடித்தது. கவிதா. "சார், கேளுங்க, கேளுங்க" என்றாள், மூச்சு வாங்க. கைபேசியை அவள் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். அடுப்பு படபடப்பது கேட்டது. "அட்டாச்சு" என்ற குரல் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. பிறகு டிக், டிக், டிக் என்று மூன்று. தெளிவாக, பல்லி என் காதுக்குள்ளேயே உட்கார்ந்து சொன்னது போல.

சிறிது நேரம் கழித்துப் பாவாயியின் குரல் வந்தது. வாயில் சோறு இருந்தது. "இத்தன மாசம் கழிச்சுத் திங்கறனுங்க சார்" என்று சொல்லி அழுதார். நான் வைத்தகண் வாங்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதென்று தெரியாதபோது மணி பார்ப்பது அலுவலகப் பழக்கம்.

அதற்குப் பிறகு அந்தக் கடிதம் வந்தது.

"மேற்படி அடுவாள், சென்ற திங்கட்கிழமை பகல் 12.15 மணிக்கு இவ்வலுவலகத்தில் நேரில் தோன்றினார். சான்றிலுள்ள கைரேகை கருவியில் ஒப்பிடப்பட்டு, முதல் முயற்சியிலேயே பொருந்தியது. அன்னார் உயிருடன் இருப்பதால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று கோரிய அறிவிப்பு கைவிடப்படுகிறது. மனையும் மடப்பள்ளியும் அன்னார் வசமே தொடரும். அடுத்த ஆண்டு இதே மாதம் மீண்டும் நேரில் தோன்ற வேண்டும்."

கீழே அலுவலர் கையொப்பம், முத்திரை. முத்திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பெருவிரல் அளவு ஒரு கறை.

உடனே கவிதாவைக் கூப்பிட்டேன். அத்தை அன்று எங்காவது போனார்களா? "எங்கீங்க போறாங்க? நீங்கதான் போன்ல கேட்டீங்களே!" பாயைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்தேன். கைரேகை வரியை மட்டும் அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசியில், "சார், பதில் வந்துருச்சுல்லீங்க. இதுக்கும் ஒரு கேள்வி போட்டுராதீங்க" என்றார்.

போடலாம். அன்று பகல் அந்த அலுவலகத்துக்கு வந்தது யார், எந்த ஊழியர் முன் தோன்றினார், என்ன பேசினார் என்று தகவல் கேட்க விதி இருக்கிறது. அதற்கும் முப்பது நாள்தான். படிவம்கூட எடுத்து வைத்தேன். பிறகு அதைக் கிழித்து, எங்கள் வீட்டு அடுப்பில் போட்டேன்.

கடிதத்தை மட்டும் முறைப்படி கோப்பில் சேர்த்தேன். வலது மூலையில், என் வழக்கப்படி, பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: கார்த்திகை இருபத்தேழு, வெள்ளிக்கிழமை.